சிவப்பு, நீலம், நீலம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

என் மகனுக்கு நான்கு வயது. மழலையர் பள்ளியில் வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட தாள்களைத் தருகிறார்கள். கடைசிக் கட்டத்தில் அடுத்து வர வேண்டிய நிறத்தைத் தீட்ட வேண்டும். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று போனால் சரியாகச் செய்கிறான். சிவப்பு, நீலம், நீலம் என்று மாறினால் தப்பாகிவிடுகிறது. கதைப் படங்களை வரிசையாக அடுக்குவதிலும் குழப்பம்தான். ஆசிரியை அவன் பின்தங்கியிருப்பதாகச் சொல்கிறார். இரவில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம், அழுகையில் முடிகிறது. இது அவ்வளவு முக்கியமா? எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு தந்தை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த இரவுப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் செய்வது நான்கு வயதுப் பிள்ளைகள் பலரும் செய்வதுதான்.

திரும்பத் திரும்ப வரும் அமைப்பைக் கண்டுகொள்வது முக்கியமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 20, 21, 22 என்று எண்ணிக்கொண்டு போய் 30, 31, 32 என்று தொடரும் பிள்ளை, ஒரே வரிசை திரும்பி வருவதைக் கண்டுகொண்டதால்தான் அப்படித் தொடர முடிகிறது. பின்னால் வரும் பெருக்கலுக்கும் அதுவே அடித்தளம். ஆனால் அந்தத் தாள்கள் இதைக் கற்றுத்தருவதில்லை. சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும்போது, கடைசி நிறத்தை மட்டும் பார்த்து மற்றதைத் தீட்டினாலே விடை சரியாகிவிடும். ஆகவே உங்கள் மகன் சரியாகச் செய்தவற்றையும் புரிதலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. நீலம் இரண்டாக வந்ததும் அந்த உத்தி உதவவில்லை, அவ்வளவுதான். அவன் பார்க்க வேண்டியது அடுத்த கட்டத்தை அல்ல. திரும்பத் திரும்ப வரும் துண்டு எது என்பதை.

அந்தத் துண்டைக் கையில் எடுக்கக் கொடுங்கள். வண்ணக் கட்டைகளில் சிவப்பு, நீலம், நீலம் என மூன்றை வைத்துச் சிறிது இடைவெளி விடுங்கள். மறுபடி அதே மூன்று, மறுபடி இடைவெளி. குறைந்தது மூன்று முறையாவது வந்த பிறகுதான் தொடரச் சொல்ல வேண்டும்; ஒரு முறை மட்டும் காட்டிவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டால் எந்த நிறத்தைச் சொன்னாலும் அதற்கு ஒரு நியாயம் இருக்கும். பார்த்து அப்படியே செய்வது எளிது, தொடர்வது அதைவிடக் கடினம், அதே அமைப்பை வேறு பொருளில் செய்வது இன்னும் கடினம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவதுதான். ஒரு கைதட்டல், இரண்டு குதி. ஒரு கைதட்டல், இரண்டு குதி. பிறகு கட்டைகளைக் காட்டி, "நாம் குதித்தது இதில் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். குதித்ததும் நீலக் கட்டையும் ஒன்றுதான் என்று அவன் காட்டும் நாளில் நிறம் அவனுக்குப் பொருட்டாக இராது, அமைப்பு பிடிபட்டிருக்கும். இடையில் நீங்களே வேண்டுமென்று ஒரு கட்டையைத் தப்பாக வையுங்கள். பெரியவர்களைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆனந்தமே தனி!

வரிசைப்படுத்துதல் இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு திறன். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, பத்துக் குச்சிகளைக் கொடுத்துச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கச் சொன்னார். நான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தார்கள். ஐந்து, ஆறு வயதினர் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து முடித்தார்கள். ஏழு வயதையொட்டித்தான் முறையாகத் தேடி அடுக்கினார்கள். கல்வியாளர் மாண்டிசோரி உருவாக்கிய இளஞ்சிவப்புக் கோபுரம் என்ற அடுக்குப் பொருளில் பத்துக் கனசதுரங்கள், பக்கம் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர்வரை. ஒன்று இடம் மாறினால் கோபுரத்தின் உருவமே காட்டிக்கொடுத்துவிடும்; தப்பு என்று பெரியவர் சொல்லத் தேவையில்லை. வீட்டில் வெவ்வேறு அளவுள்ள மூன்று பெட்டிகளோடு தொடங்குங்கள்; சுலபமானதும் நான்கு, ஐந்து ஆக்கலாம்.

கதைப் படங்களைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். அறியாத கதையின் ஒழுங்கைப் படத்திலிருந்து ஊகிப்பது பெரிய வேலை. அவன் தினமும் செய்வதையே மூன்று படங்களாக வரைந்து கொடுங்கள், கோடு கோடாக இருந்தாலும் போதும். அடுக்கியதும் ஏன் என்று கேளுங்கள். காலுறைக்குப் பிறகுதான் காலணி. அதை மாற்ற முடியாது. சட்டையா கால்சட்டையா முதலில் என்றால் எதுவும் இருக்கலாம். எந்த வரிசையை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அவன் யோசிப்பது, படங்களைச் சரியாக அடுக்குவதைவிடப் பெரிய கல்வி என்பது என் கருத்து. பேச்சிலும் கவனம் வேண்டும். "வெளியே போவதற்கு முன் விளக்கை அணை" என்றால் இந்த வயதில் பலர் காதில் முதலில் விழுந்ததையே முதலில் செய்வார்கள். "விளக்கை அணைத்துவிட்டு வெளியே போ" என்று நடக்கும் ஒழுங்கிலேயே சொல்லிப் பழக்குங்கள்; மாற்றிச் சொல்வதைப் பிறகு பார்க்கலாம்.

ஆசிரியையிடம் சண்டை வேண்டாம். தாளுக்குப் பதிலாகச் சிறிது நாள் கட்டைகளைக் கொடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பேச்சைப் புரிந்துகொள்வதிலோ காது கேட்பதிலோ உங்களுக்கு ஐயம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வண்ணத் தாளை மட்டும் வைத்துப் பின்தங்கியவன் என்ற பெயரை அவனுக்குக் கொடுக்காதீர்கள், அவன் காதுபடப் பேசவும் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா