சீனக் கொய்யாவும் காட்டுக் காப்பியும்

மதிப்பிற்குரிய ஐயா,

நம் மொரீசியஸ் தீவின் காட்டுக் காப்பி இனங்களைக் காக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். குடிக்கக்கூட உதவாத செடிகளுக்காகக் காட்டை அடைத்துவைத்தால், அதை நம்பிப் பிழைக்கும் ஏழைகள் என்ன செய்வார்கள்? எத்தியோப்பியாவில் செய்வதுபோல அந்தக் காப்பியை நல்ல விலைக்கு விற்றால் காடும் பிழைக்கும், உழவரும் பிழைப்பர் அல்லவா?

ஒரு வாசகர், ரோஸ் ஹில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது கேள்வியில் உள்ள நம்பிக்கையை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை.

மொரீசியஸ், ரெயூனியன், மடகாஸ்கர் ஆகிய தீவுகளின் காட்டுக் காப்பி இனங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் காஃபீன் இல்லை. இருந்தாலும் மிகக் குறைவு. பலவற்றின் சுவையும் கசப்பு என்பதால், அவற்றை வறுத்து விற்பது இப்போதைக்கு நடக்கக்கூடியதன்று. அவற்றின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது: நோயைத் தாங்கும் தன்மையைப் பயிர்க் காப்பிக்குத் தரக்கூடிய உறவினங்கள் அவை. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் காணப்பட்டது. தமிழகத்திலிருந்து சென்றவர்கள் உழைத்து வளர்த்த அந்தப் பயிர் சில பத்தாண்டுகளில் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மிகுதியாகப் பயிரிடப்படும் காப்பி இனமான அராபிக்கா தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதாலும், உலகெங்கும் பரவியது ஒருசில செடிகளின் வழித்தோன்றல்களே என்பதாலும், ஒரு செடியை வீழ்த்தும் நோய் தோட்டம் முழுவதையும் வீழ்த்திவிடும். பின்னாளில் துருவைத் தாங்கும் வகைகள் பல உருவாகக் காரணமானது, திமோர் தீவில் அராபிக்காவும் அதன் உறவினமான ரோபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்த ஒரு செடி. அப்படிப்பட்ட உறவினங்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன? லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 124 காப்பி இனங்களில் 60 விழுக்காடு அழியும் அபாயத்தில் உள்ளன. 45 விழுக்காட்டை எந்தச் சேகரிப்பிலும் காப்பாற்றி வைக்கவில்லை. நெல்லைப்போல் காப்பி விதையை உலர்த்திக் குளிரில் நெடுங்காலம் வைத்திருக்க முடியாது. மடகாஸ்கரின் கியாஞ்சவாத்தோவில் உள்ள காப்பிச் சேகரிப்புத் தோட்டத்தைப்போல மரமாகவே வளர்த்தாக வேண்டும், அல்லது காட்டிலேயே காக்க வேண்டும்.

எத்தியோப்பியாவுக்கு வருவோம். அங்கே தென்மேற்குக் காடுகளில் அராபிக்கா இயற்கையாகவே வளர்கிறது. அதைப் பறித்து விற்பது மக்களின் வாழ்வாதாரம். விலை ஏறினால் அவர்கள் விளைச்சலைப் பெருக்க நினைப்பது இயல்பே. அதற்காக அடிப்புதர்களை வெட்டுகிறார்கள், நிழல் மரங்களைக் குறைக்கிறார்கள், தேர்ந்தெடுத்த நாற்றுகளை நடுகிறார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அது காடாகவே தெரியும்; கீழே அது மெல்ல மெல்லத் தோட்டமாகிக்கொண்டிருக்கும். காட்டை அழித்து மக்காச்சோளம் விதைப்பதைவிட அது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நல்ல விலை காப்பாற்றுவது காப்பியை. காட்டுச் செடிகளின் வேறுபாடுகளை அது தானாகக் காப்பாற்றிவிடாது.

நம் தீவில் சிக்கல் இன்னும் விந்தையானது. இங்கே காட்டுக் காப்பியின் முதன்மைப் பகை உழவரின் கோடரி அன்று, சீனக் கொய்யா. வெளியிலிருந்து வந்த அந்தச் செடி அடர்ந்து மண்டி, உள்ளூர் மரங்களின் கன்றுகளை முளைக்கவிடாமல் செய்கிறது. அதே கொய்யாவைப் பருவகாலத்தில் பிளேன் ஷாம்பாஞ் பகுதியில் பறித்துச் சாலையோரத்தில் விற்றுத்தான் சில குடும்பங்கள் கைச்செலவுக்குப் பணம் காண்கின்றன. உப்பும் மிளகாயும் சேர்த்து அதைத் தின்னாத மொரீசியஸ்காரர் அரிது, நானும் விதிவிலக்கல்ல.

பறிப்பவர்களைத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சாலையோரக் கொய்யா அவர்களுக்கே இருக்கட்டும். கறுப்பு நதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் சில பகுதிகளை வேலியிட்டு, ஆட்களைக்கொண்டு களையெடுத்துக் காக்கிறார்கள். அந்த வேலைக்கும், காட்டுக் காப்பி நாற்றங்கால்களுக்கும் அந்தக் குடும்பங்களையே முதலில் அழைக்கலாம். அதற்கான செலவில் ஒரு பங்கை, நோய் தாங்கும் புதிய வகைகளால் ஆதாயம் பெறப்போகும் பெரிய காப்பி வணிக நிறுவனங்களிடம் கேட்பது முறையே. ஆனால் ஓராண்டுக் கூலி போதாது. ஒருமுறை பிடுங்கிய இடத்தில் கொய்யாக் கன்றுகள் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் என்பதால், பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்ட வேலையாக அது இருக்க வேண்டும்.