ஒன்றரை அடித் திண்ணைக்கு ஆறடிச் சாய்தளம் போதுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் உறுப்பினர்களே நடத்திவரும் பழைய படிப்பகம் எங்களுடையது. தெருவிலிருந்து தளம் 18 அங்குல உயரம், ஏற மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வந்த பெரியவர் ஒருவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். தெருப்பக்கம் இடம் குறைவு. பக்கவாட்டில் எங்களுக்குச் சொந்தமான சந்து ஆறடி அகலம், நாற்பதடி நீளம். ஒப்பந்தக்காரர் ஒருவர் முன்வாசலில் ஆறடி நீள இரும்புச் சாய்தளம் பொருத்தி, மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோகலாம் என்று காட்டும் அணுகல் சான்றிதழும் வாங்கித் தருவதாகக் கூறுகிறார். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்க வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுத்து, தளம் வரைக்கும் அல்ல, கதவு நிலையின் அடியில் குறுக்காக இருக்கும் வாசற்படிக் கட்டையின் மேல்முனை வரைக்கும் அளந்து பாருங்கள். பழைய கட்டடங்களில் அந்தக் கட்டை தளத்தைவிட இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்கும் என்பதால், உங்களுடைய 18 பெரும்பாலும் 20 ஆகிவிடும். ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓரடி நீளம் என்பதுதான் அரசு வழிகாட்டு நெறிகள் சொல்லும் 1:12 சரிவு; அதன்படி உங்களுக்கு வேண்டியது 20 அடி. ஆறடியில் முடித்தால் ஏறும்போது நாற்காலி பின்புறமாகக் கவிழும். இறங்கும்போது ஆளோடு சேர்ந்து தெருவில் போய் விழும். கட்டையையே அறுத்துவிடலாமே என்று தச்சர் சொல்லக்கூடும். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் வைக்கும் வாசற்படியை அறுக்கச் சொன்னால் உங்கள் நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். உட்புறத்தில் இரண்டடிக்குச் சிறு சரிவு கொடுத்தாலே போதும். தளத்தை இறக்கும் யோசனைக்கும் இடம் கொடுக்காதீர்கள். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊரில் அந்த உயரம் வீணுக்கு வைக்கப்பட்டதல்ல.

இனி சான்றிதழ். உங்களைப் போன்ற பழைய படிப்பகம் இப்படியொரு தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கவில்லை. அவர் விற்பது முத்திரை குத்திய காகிதம் மட்டுமே. இத்தகையவர்கள் ஐந்து லட்சம் அபராதம் என்று அச்சுறுத்துவதும் வழக்கம். முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை என்பதே சட்டம். ஐந்து லட்சம் என்ற உச்சவரம்பு அதற்குப் பிந்தைய மீறல்களுக்கு உரியது. அதற்காகச் சட்டம் உங்களைத் தொடாது என்று எண்ண வேண்டாம். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதன் பார்வையில் பொதுக் கட்டடமே. பழைய கட்டடங்களைச் சீர்செய்ய 2017இல் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. சாய்தளத்தின் வாயிலில் இருசக்கர வாகனங்களை நிறுத்திவைத்திருக்கும் அலுவலகங்களை இன்றும் பார்க்கிறேன், தட்டிக்கேட்க ஆளில்லை. உறுப்பினர் சந்தாவில் விளக்கெரிக்கும் உங்களிடம் மட்டும் இடைத்தரகர் வந்து நிற்கிறார்.

எல்லோரும் நுழையும் முன்வாசல் வழியாகவே மாற்றுத்திறனாளியும் நுழைய வேண்டும் என்பது பொது விதி. தெருவில் 20 அடி நீட்டினால் அது ஆக்கிரமிப்பாகிவிடும் என்பதால், சந்திலுள்ள பக்கக் கதவை விதிவிலக்காக ஏற்கலாம். ஆனால் இந்த விதிவிலக்கைத்தான் பலரும் கெடுத்துவைக்கிறார்கள்: கதவைப் பூட்டிச் சாவியைப் பொருளாளர் வீட்டில் வைப்பார்கள், உடைந்த நாற்காலிகளையும் பழைய நாளிதழ்க் கட்டுகளையும் அங்கேயே அடுக்குவார்கள், விளக்குப் போட மாட்டார்கள். படிப்பகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அந்தக் கதவும் திறந்திருக்க வேண்டும். யாரையும் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லும் நிலை கூடாது. வழி எங்கே என்று முன்வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். கதவின் திறப்பு மூன்றடிக்குக் குறையக் கூடாது. இரட்டைக் கதவாக இருந்தால் இரண்டையும் திறந்து அளவெடுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது கொல்லைப்புறம் வழியாக அனுப்பும் பழைய வழக்கமே.

அந்தச் சந்தில் இடம் தாராளமாக இருக்கிறது. சாய்தளம் 20 அடி, கீழே நாற்காலி நிற்கவும் மேலே கதவுப்பக்கம் திரும்பவும் ஐந்தடிச் சதுரமாக இரு சமதளங்கள், ஆக 30 அடி. இரு பக்கமும் கைப்பிடி, அவற்றுக்கு நடுவே நான்கடி அகலம், மிச்சமுள்ள இடத்தில் மழைநீர் ஓடக் கால்வாய். அதை அடைத்தால் முதல் அடைமழையிலேயே தண்ணீர் உள்ளே வந்துவிடும். சாய்தளத்தைக் கான்கிரீட்டில் போடுங்கள். துறைமுகத்து உப்புக்காற்றில் இரும்புத் தகடு நெடுநாள் தாங்காது. மேலே பளபளப்பான டைல்ஸ் ஒட்டாமல், துடைப்பத்தால் கோடிழுத்த சொரசொரப்பான சிமென்ட்டாக விடுங்கள். கழிப்பறைக்கு வெளிப்புறம் திறக்கும் கதவு, உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி இடம், மேற்கத்தியப் பீங்கான், சுவரில் பிடிகம்பி ஆகியவை வேண்டும். சாய்தளம் முடிந்ததும் அடுத்த வேலையாக அதைச் செய்யுங்கள்.

கான்கிரீட் கொட்டுவதற்கு முன் சந்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, திரும்பிப் போன அந்தப் பெரியவரை வரவழைத்து, கோட்டைத் தாண்டாமல் நாற்காலியைத் திருப்ப முடிகிறதா என்று அவரையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.