‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதலாமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர், லேத் பட்டறையில் 3 வருட வேலை. வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தை ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். இன்டர்வியூவில் அதில் மூன்று இடங்களில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ‘எதற்கு முன்னால் எ வரும், எதற்கு மெனி, எதற்கு மச்?’ என்று கேட்கிறார்.

முதல் வட்டம், ‘ஐ ஆம் டிப்ளமோ ஹோல்டர்’. தமிழில் ‘நான் டிப்ளமோ படித்தவன்’ என்றால் போதும், ‘ஒரு’ தேவையில்லை. ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் மொட்டையாக நிற்காது. முன்னால் எ, அன், தி, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று வேண்டும். ‘ஐ ஆம் எ டிப்ளமோ ஹோல்டர்’ என்று எழுதுங்கள். எ-வா அன்-னா என்ற சந்தேகம் வந்தால், அடுத்த சொல்லை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். ‘எம்.பி.ஏ.’ உயிரெழுத்தில் தொடங்குகிறது, அதனால் அன். ‘யூனிட்’ உயிர்மெய்யில் தொடங்குகிறது, அதனால் எ. பள்ளியில் 12 வருடம் ஆங்கிலம் படிக்கிறோம், கோடிட்ட இடத்தையும் நிரப்புகிறோம். ஆனால் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டிய இதை, ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்துகளை மனப்பாடம் செய்ய வைத்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம்.

இரண்டாவது வட்டம், ‘இன்ஃபர்மேஷன்ஸ்’. நாம் தகவல்கள், அறிவுரைகள், சாமான்கள் என்று சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், ஃபர்னிச்சர் எல்லாம் மாவு மாதிரி. எஸ் சேராது, எ-வும் மெனியும் வராது. எண்ணியே ஆக வேண்டுமென்றால், இரண்டு படி மாவு என்கிற மாதிரி ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. உங்கள் பட்டறையிலேயே பாருங்கள்: மெஷினை எண்ணலாம், மெஷினரியை எண்ண முடியாது. டூலை எண்ணலாம், எக்விப்மென்ட்டை எண்ண முடியாது.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம்: ‘மெனி எக்ஸ்பீரியன்சஸ்’. இந்தச் சொல் இரண்டு வகையிலும் வரும். வேலை செய்து செய்து கையில் ஏறிய பழக்கம் என்றால் எண்ண முடியாது, எஸ் கிடையாது. வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் என்றால் எண்ணலாம், எஸ் உண்டு. ‘மெனி எக்ஸ்பீரியன்சஸ்’ என்று எழுதினால் பட்டறையில் உங்களுக்கு நேர்ந்த பல சம்பவங்கள் என்றுதான் படுகிறது, உங்கள் தேர்ச்சி அதில் தெரியவில்லை. ‘ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதுங்கள். இன்னொன்று: ‘லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் அனுபவமே இல்லாத மாதிரி, ‘எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் கொஞ்சம் உண்டு. அந்தச் சின்ன எ விட்டுப்போனால் வேலையே போய்விடும்.

சரி, மெனியும் மச்சும்? எண்ணக்கூடியதற்கு மெனி, எண்ண முடியாததற்கு மச். குழப்பமாக இருந்தால் ‘எ லாட் ஆஃப்’ போடுங்கள். அது இரண்டுக்கும் பொருந்தும். சம், எனி, தி, மை இவையும் அப்படித்தான்.

அப்புறம், அந்த சென்டர். ‘30 நாளில் சரளமான ஆங்கிலம்’ என்று போர்டு மாட்டும் பல இடங்களில் ஒரே கடிதத்தைப் பேரை மட்டும் மாற்றி விற்கிறார்கள். பன்மையாக இருந்தால் கெட்டியாக இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் எஸ் ஒட்டுகிறார்கள். காசு கொடுக்கும் முன் ‘லக்கேஜுக்குப் பன்மை என்ன?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘லக்கேஜஸ்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டின் லேர்னர்ஸ் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது கவுன்டபிள் என்று இருந்தால் எண்ணலாம், யு அல்லது அன்கவுன்டபிள் என்றால் எண்ண முடியாது. எக்ஸ்பீரியன்ஸைத் தேடிப் பாருங்கள், ஒரு அர்த்தத்துக்கு எண்ண முடியாது என்றும், இன்னொன்றுக்கு எண்ணலாம் என்றும் இருக்கும். திருத்திய கடிதத்தை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.