வெட்டி எடுத்த பிறகும் கிரோன் நோய் திரும்புமா?

கிரோன் நோய்க்காக (குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்) உங்கள் தம்பிக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்து நான்கு மாதமாகிறது, வலி இல்லை, சிகரெட் மட்டும் தொடர்கிறது, மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அறுவை சிகிச்சை கெட்டுப்போன பகுதியை எடுக்கிறது, நோயை எடுப்பதில்லை. குடலை இணைத்துத் தைத்த இடத்துக்குச் சற்று மேலே, சிறுகுடல் பக்கத்தில்தான் பெரும்பாலும் அது மறுபடி தலைகாட்டும். முதலில் சிறு புண்கள் வரும்; வலியும் வயிற்றுப்போக்கும் தெரிய மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகலாம். வலி இல்லாததை நம்பி இருந்துவிடாதீர்கள்.

முன்பே ஒருமுறை குடலை வெட்டியவர்கள், குடலில் ஓட்டை விழுந்து அறுவைக்குப் போனவர்கள், ஆசனவாயில் பவுத்திரம் உள்ளவர்கள், இளம் வயதினர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இவற்றில் எதையும் நம்மால் மாற்ற முடியாது. சிகரெட்டை விடலாம். மறுபடியும் கத்தி வைக்கும் நிலைக்குத் தள்ளுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ‘ஒன்றிரண்டுதானே’ என்பார் தம்பி, விடாப்பிடியாக நில்லுங்கள்.

அறுவைக்குப் பின் 6 முதல் 12 மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து அந்த இணைப்பைப் பார்ப்பார்கள். நோய் அங்கே எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டும் ருட்கீர்ட்ஸ் அளவு அறிக்கையில் ஐ0 (i0, புண் இல்லை) முதல் ஐ4 (i4, மிகக் கடுமை) வரை இருக்கும். ஐ2 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக மருந்தைக் கூட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள். இடையில் மலத்தில் கால்புரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனையும் உதவும். அடுத்த முறை போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்சி அறிக்கையையும் கையோடு கொண்டு போங்கள்.