விக்கிப்பீடியாவில் படித்த மருந்தை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61, சர்க்கரை நோய் உண்டு. கோவிட் உறுதியாகி மூன்று நாளாகக் காய்ச்சல். ஆக்சிஜன் அளவு 97. டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைக்கும் என்று விக்கிப்பீடியாவில் படித்தேன். கொடுக்கலாமா? அதில் வரும் மருத்துவத் தகவலை எவ்வளவு நம்பலாம்?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் படித்தது பொய் இல்லை, ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பது விட்டுப்போயிருக்கிறது. இந்த மருந்தைக் கோவிட் நோயாளிகளிடம் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு முடிவு 2020 ஜூனில் வந்தது. அதில், வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. உங்கள் அம்மா இந்தக் கடைசி வகை. போதாக்குறைக்கு டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடும்.

இனி விக்கிப்பீடியா. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் முழுக்கக் குப்பை என்று ஒதுக்கத் தேவையில்லை. ஆங்கிலப் பதிப்பில் மருத்துவத் தகவலுக்குத் தனி விதி உண்டு: ஒற்றை ஆய்வோ நாளிதழ்ச் செய்தியோ போதாது, பல ஆய்வுகளை அலசிய தொகுப்புக் கட்டுரையோ சிகிச்சை வழிகாட்டியோ சான்றாக வேண்டும். சர்ச்சைக்குரிய பக்கங்களை எல்லோரும் திருத்த முடியாதபடி பூட்டும் போடுவார்கள். மருந்துப் பக்கங்களில் டோஸ் எழுதுவதையும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். மில்லிகிராம் கணக்கைப் பார்த்தால் அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரும்பாலும் சறுக்குவது தேதியில்தான். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கோவிட்டுக்குக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச் 28-இல் அவசர அனுமதி தந்தது, ஜூன் 15-இல் திரும்பப் பெற்றது. இடையில் எழுதி அப்படியே விட்ட பக்கம், எழுதிய அன்று சரி, இன்று தவறு. ஆங்கிலத்தில் நூறு கண்கள் பார்க்கும் இடத்தில், சிறிய மொழிப் பதிப்புகளில் இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒருமுறை மொழிபெயர்த்த கட்டுரை அங்கே உறைந்து கிடக்கும்.

அதனால் படிக்கும் முன் 'வரலாறு' தாவலைத் திறந்து, நீங்கள் நம்பப்போகும் பத்தி கடைசியாக எப்போது மாறியது என்று பாருங்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் தேதி ஏமாற்றும். யாரோ ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அது புதிதாகிவிடும். பிறகு அந்த வாக்கியத்தின் சான்று எண்ணை அழுத்துங்கள். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி என்றால் அதன் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தைய ஆய்வுத்தாள் என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். திருத்துபவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் அதே வரிக்குச் சண்டை நடந்தால், விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

அம்மாவுக்கு: வைரஸை எதிர்க்கும் ஆன்டிவைரல் மாத்திரை தேவைப்பட்டால் அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், மூன்று நாள் போய்விட்டது. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரோடும் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். சில மாத்திரைகளோடு ஆன்டிவைரல் ஒத்துப்போகாது. விரலில் நகப்பூச்சு இல்லாமல், கையைச் சூடாக்கிவிட்டு ஆக்சிஜனை நாளுக்கு மூன்று முறை பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.