பழைய லாரியின் டிரைவர் சீட்டு அமுங்கிவிட்டது: சரிசெய்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: "சிங்கப்பூரில் 14 அடி லாரி ஓட்டுகிறேன். வண்டிக்கு 13 வயது. டிரைவர் சீட்டு அமுங்கிப்போய், மத்தியானத்துக்குள் குறுக்கு பிடித்துக்கொள்கிறது. மேலே குஷன் வாங்கிப் போட்டும் பயனில்லை. முதலாளி புது சீட்டு வாங்கத் தயங்குகிறார். ரிப்பேர் செய்தால் போதுமா?"

பெரும்பாலும் போதும். ஆனால் சீட்டில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். தெரியாமல் போனால் புது உறை தைத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் புதுசாக இருக்கும், வலி அப்படியே இருக்கும். நான் அப்படித்தான் பணத்தை விட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் காய்கறி லாரி ஓட்டுகிறேன். விடியற்காலை இரண்டரைக்கு பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் ஏற்றி, தேக்கா, கேலாங், ஈசூன் என்று இறக்கி முடிக்கப் பதினொரு மணி ஆகிவிடும். அதற்குள் நாற்பது தடவையாவது கேபினில் ஏறி இறங்குவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது பக்க இடுப்பில் ஆரம்பித்த வலி கொஞ்சம் கொஞ்சமாகத் தொடை வரை இறங்கியது. மூட்டை தூக்குவதால் வருகிறது என்றுதான் நினைத்தேன். லீவு நாளில் வலி இல்லை, வண்டியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது என்று கவனித்த பிறகுதான் சீட்டின் மேல் சந்தேகம் வந்தது.

முதலில் ஒரு ஜெல் குஷன் வாங்கிப் போட்டேன். பிரேக் அடித்தால் அது முன்னால் நழுவியது. அதோடு உட்காரும் உயரம் கூடியதால் கண்ணாடி, பெடல், பெல்ட் எல்லாம் இடம் மாறின. பிறகு ஒரு கடையில் உறை மாற்றினேன், அப்போதும் வலி போகவில்லை. கடைசியில், வெல்டிங் வேலை செய்யும் அறை நண்பர் ஒருவர் கேபின் தரையில் படுத்து, போன் லைட்டை அடித்து சீட்டின் அடியைப் பார்த்தார். "அண்ணே, அஞ்சு ஸ்பிரிங்குல ரெண்டு கொக்கியை விட்டே வெளிய வந்திருச்சு. நீங்க இத்தனை நாளா ஒரு பக்கம் சாஞ்சுதான் உக்காந்திருக்கீங்க" என்றார்.

இரண்டுமே வலது பக்கத்து ஸ்பிரிங்குகள். இது தற்செயல் இல்லை. இங்கே ஸ்டீயரிங் வலது பக்கம், டிரைவர் கதவும் வலது பக்கம். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இறங்கும்போதும் நம் முழு எடையும் சீட்டின் வலது விளிம்பின் மேல் உருண்டு போகிறது. லாரி சீட்டு நடுவில் தேய்வதற்கு முன் வலது ஓரத்தில்தான் அமுங்கும். அளந்து பார்த்தபோது என் சீட்டின் இடது விளிம்பைவிட வலது விளிம்பு மூன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அந்தச் சரிவில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாயும், தலையை நேராக வைக்க முதுகெலும்பு எதிர்ப்பக்கம் வளையும். எட்டு மணி நேரம் அப்படி வளைந்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்து ஓட்டுகிறவர் என்றால் அதை இன்றே எடுத்துவிடுங்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அதனால் முதல் வேலை ஒரு அளவு நாடா. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கேபின் தரையிலிருந்து சீட்டின் இரண்டு முன் மூலைகளையும் அளந்து பாருங்கள். பிறகு யாரையாவது உட்காரவைத்து மறுபடி அளந்து பாருங்கள். காலியாக இருக்கும்போது சமமாகவும், ஆள் உட்கார்ந்ததும் சரிந்தும் இருந்தால் ஸ்பிரிங் அல்லது ஃபோம். காலியாக இருக்கும்போதே சரிந்திருந்தால் ஃபிரேம் வளைந்திருக்கலாம், சீட்டைத் தரையோடு பூட்டும் கால் துருவில் தின்னப்பட்டிருக்கலாம். அடுத்து, சாய்வுப் பகுதியின் மேல் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். அப்போது மற்றவர் அடியில் கை வைத்து, எங்கே ஆடுகிறது என்று பார்க்கட்டும்: சாய்வு மாற்றும் லிவர் இருக்கும் மூட்டிலா, முன்பின் நகரும் ரயிலிலா, தரை போல்ட்டிலா.

சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் தூள் கொட்டியிருந்தால் ஃபோம் நொறுங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்முடைய மூக்கில்லாத லாரிகளில் என்ஜின் கேபினுக்கு அடியிலேயே இருப்பதால், என்ஜின் மூடிப் பக்கம் இருக்கும் ஃபோம் சூட்டிலேயே காய்கிறது, மேலே இருந்து வியர்வை இறங்குகிறது. அந்த மூடியின் ஓர ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் இதோடு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது ஃபோமும் அதே கதிக்குத்தான் வரும்.

ஸ்பிரிங் கழன்றதற்குப் பெரிய செலவில்லை. வளைந்து வளைந்து போகும் அந்தக் கம்பியின் நுனியைப் பிடிக்கும் கிளிப் தேய்ந்திருக்கும். கிளிப்பை மாற்றி, ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் கெட்டியான ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த துணி) ஒன்றை விரித்தால் கம்பி ஃபோமை அறுக்காது. பழைய சீட்டுகளில் இந்த ஃபெல்ட்தான் முதலில் கிழியும். உறை மாற்றுகிற கடைக்காரர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை.

ஃபோம் விஷயத்தில்தான் ஏமாறாமல் இருக்க வேண்டும். நண்பர் பார்த்துச் சொன்ன பிறகு காக்கி புக்கிட்டில் வேறொரு குஷன் கடைக்குச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். வயசான சீனர் ஒருவர் முட்டியை வைத்து நடுவிலும் ஓரத்திலும் அழுத்திப் பார்த்துவிட்டு "சுடா மாத்தி" என்றார். செத்துப்போச்சு என்று மலாயில் சொன்னார். மெத்தென்று ஒரு ஃபோம் போட்டுக் கொடுங்கள் அங்கிள் என்றேன். மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு இரண்டு துண்டுகளை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒன்று சோபாவுக்குப் போடுகிற மலிவான ஃபோம், தூக்கினால் பஞ்சு மாதிரி. இன்னொன்று கனமானது, அழுத்திவிட்டால் உடனே திரும்பி எழுந்தது. முதல் துண்டைப் போட்டால் மூணு மாசத்தில் திரும்ப வருவாய் என்றார்.

அவர் சொன்னதன் காரணம் எனக்குப் பின்னால் படித்துத்தான் புரிந்தது. ஃபோமில் அடர்த்தி வேறு, கடினம் வேறு. கையால் அழுத்தும்போது தெரிவது கடினம். எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அடர்த்தி சொல்கிறது. வாகனச் சீட்டுக்கு ஒரு கன மீட்டருக்கு 45 முதல் 60 கிலோ வரை அடர்த்தியுள்ள, நன்றாகத் திரும்பி எழும் ஃபோம் நல்லது. மலிவான சோபா ஃபோம் இதில் பாதிகூட இருக்காது. கடையில் "சாஃப்டா, ஹார்டா" என்று கேட்டால் அடர்த்தி எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். முழு ஃபோமையும் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அச்சில் வார்த்த பழைய ஃபோமின் வடிவம் நல்லதாக இருந்தால், அமுங்கின வலது ஓரத்தை மட்டும் அறுத்தெடுத்து, அதே அளவில் அடர்த்தியான துண்டை ஒட்டினால் போதும். என் சீட்டுக்கு அப்படித்தான் செய்தார். ஸ்பிரிங் கிளிப், ஃபெல்ட், ஃபோம் ஒட்டு எல்லாம் சேர்த்து 160 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உறையை அவர் மாற்றவே இல்லை, ஏற்கெனவே இருந்ததையே திரும்ப இழுத்து மாட்டினார்.

மெத்தென்று இருந்தால் முதுகுக்கு நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லாரியில் அது பொருந்தாது. உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் உலுக்குவது வினாடிக்கு நாலு முதல் எட்டு தடவை வரையான மேல்கீழ் ஆட்டம். சாதாரண ஃபோம் சீட்டு வினாடிக்கு நாலு தடவை என்கிற அளவில் ஆட்டத்தைக் குறைப்பதில்லை, கூட்டியே தருகிறது. ஃபோம் தடிமனாகவும் தொளதொளவென்றும் இருந்தால் சாலையில் ஒவ்வொரு இணைப்புக்கும் நாம் மேலே எழும்பி விழுவோம். ரொம்ப மெலிந்திருந்தால் ஹம்ப்பில் தகட்டில் போய் இடிப்போம். இது வெறும் சொகுசு விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இதற்கென்றே விதி கொண்டுவந்தது: எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு, உடம்புக்கு ஏறும் அதிர்வு 0.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. டிரைவரின் குறுக்கு வலியை உலகம் அந்த அளவுக்குப் பொருட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எப்போது மாற்றுவது? சாய்வு மூட்டின் வெல்டிங் அருகில் ஃபிரேம் வெடித்திருந்தால், ரயிலின் பல் தேய்ந்து பிரேக் அடிக்கும்போது சீட்டு நழுவினால், அல்லது சீட்டின் கால் துருவில் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். இவற்றை ஒட்டுப்போடக் கூடாது. குறிப்பாக, பெல்ட் பக்கிள் சீட்டு ஃபிரேமிலேயே பூட்டியிருக்கும் வண்டிகளில், விபத்தில் உங்களைப் பிடித்து நிறுத்த வேண்டியதே அந்த ஃபிரேம்தான். தெரிந்தவர் ஒருவர் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் அந்த இடத்தில் வேண்டாம்.

மாற்றுவது என்றால் அதே மாடலின் பழைய சீட்டுதான் என் முதல் தேர்வு. இங்கே பத்து வருட சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) முடிந்ததும் பதிவை ரத்து செய்கிற லாரிகள் நிறைய. அவற்றின் சீட்டு சில சமயம் நன்றாகவே இருக்கும். வாங்கும்போது வலது ஓரத்தை முதலில் அழுத்திப் பாருங்கள். போல்ட் துளைகளின் இடைவெளியை உங்கள் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், ஒரே பெயரில் வரும் லாரியிலும் வருடத்துக்கு வருடம் மாறும்.

காற்றுச் சீட்டு, அதாவது அடியில் காற்றுப் பை வைத்து ஆட்டத்தைத் தாங்கும் சீட்டு, போடலாமா என்று சிலர் கேட்பார்கள். டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவரில் அது அருமையான சாமான். 14 அடி லாரியில் யோசிக்க வேண்டும். சிறிய லாரிகள் பலவற்றில் காற்று பிரேக் இல்லை, அதனால் சீட்டுக்கென்று தனி கம்ப்ரெசர் வைக்க வேண்டும். அடிப்பாகமே உயரமாக இருப்பதால் தலை கூரையைத் தொடும், ஸ்டீயரிங் தொடையை இடிக்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். வேறு வகைச் சீட்டுக்கு மாறுவதானால் அதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் மாற்றங்களுக்கான விதிகளைப் பாருங்கள், சோதனை நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கழற்றுவதற்கு முந்தின ராத்திரியே தரை போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். சீட்டைத் தூக்குவதற்கு முன் அடியில் பெல்ட் சுவிட்ச் வயர் இருக்கிறதா என்று பார்த்து சாக்கெட்டைப் பிடுங்குங்கள். திரும்பப் பூட்டும்போது அதே போல்ட்டுகள். ஒன்று முறிந்துவிட்டால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதாரண போல்ட்டைப் போடாதீர்கள், தலையில் பலத்தைக் காட்டும் எண் 8.8 அல்லது அதற்கு மேல் பொறித்தது, பழையதற்குச் சமமானது வேண்டும். பூட்டிய பிறகு கிளட்சை முழுக்க மிதித்துப் பாருங்கள், முட்டி லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கண்ணாடிகளை மறுபடி சரிசெய்யுங்கள், உயரம் கட்டாயம் மாறியிருக்கும்.

முதலாளியிடம் பேசுவதைப் பற்றி. "இடுப்பு வலிக்குது பாஸ்" என்று மட்டும் நான் சொன்னபோது "டாக்டரைப் பாரு" என்றுதான் பதில் வந்தது. கழன்ற ஸ்பிரிங்கின் போட்டோவையும் இரண்டு பக்க அளவையும் காட்டியபோது அன்றைக்கே காசு கொடுத்தார். உங்கள் வண்டிக்கு 13 வயது என்பதால் சிஓஇ ஏற்கெனவே புதுப்பித்திருப்பார்கள், ஐந்து வருடத்துக்கா பத்து வருடத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு வாகனம் இங்கே அதிகபட்சம் 20 வருடம்தான் ஓடலாம். பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் இன்னும் ஏழு வருடம் அந்தச் சீட்டில்தான் யாராவது உட்காரப்போகிறார்கள் என்று எடுத்துச் சொல்லலாம். பத்து வயது தாண்டிய லாரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போக வேண்டும், எப்படியும் வண்டி அரை நாள் நிற்கும். அந்தத் தேதிக்கு முந்தின வாரத்தில் சீட்டு வேலையையும் வைத்துக்கொண்டால் ஆடுகிற சீட்டோடும் சரியாகப் பூட்டாத பெல்ட்டோடும் சோதனைக்குப் போக வேண்டியிருக்காது.

எனக்குச் சீட்டு சரியான பிறகு தொடை வலி நிற்க மூன்று வாரம் ஆனது. உங்களுக்குக் கால் மரத்துப்போனால், அல்லது லீவு நாளிலும் வலி இருந்தால் சீட்டு வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். இரண்டு பக்க அளவையும், அடியில் எடுத்த ஒரு போட்டோவையும் கீழே கருத்துப் பகுதியில் போட்டால் ஸ்பிரிங்கா ஃபோமா என்று பார்த்துச் சொல்கிறேன். மத்தியானம் ஒரு மணிக்கு மேல்தான் போனைப் பார்ப்பேன்.