அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று வங்கி பணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

முதலில், எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். 'பிடித்துக்கொள்ளச் சம்மதம்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். உங்கள் அம்மா பயந்துபோய்ப் போட்டுவிடுவார். எங்கள் வீட்டுக்கும் அந்தத் தாள் வந்தது.

அப்பா மும்பையில் ரயில்வே ஃபிட்டர். 2006இல் ஓய்வு பெற்று, 2008இல் 62 வயதில் காலமானார். ஓய்வு பெற்றபின் இறந்தவர் என்றால், குடும்ப ஓய்வூதியம் முதலில் கடைசிச் சம்பளத்தில் பாதி வரை வரும். இறந்து ஏழு வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான் அது. பிறகு 30 சதவீதம். அம்மாவுக்கு 2013இல் குறைந்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. அந்தத் தேதி, பென்ஷன் வழங்கச் சொல்லும் ஆணையான பி.பி.ஓ.விலேயே டைப் அடித்து இருக்கிறது. அதைப் பார்த்துக் குறைப்பது வங்கியின் வேலை. 2021இல் விழித்துக்கொண்டு, ஆறு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும் என்று கடிதம் போட்டார்கள். அடுத்த மாத பென்ஷனில் பாதியைக் காணோம்.

விசாரிக்கப் போனபோது, வரிசையில் அத்தனை பேர் நிற்க, கவுண்டரில் இருந்தவர் அம்மாவிடம் "இத்தனை வருஷம் கூட வந்தது தெரியாதா மாஜி?" என்று கேட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. பாஸ்புக்கில் மாதம் ஒரே ஒரு தொகைதான் விழும். அதில் எது அடிப்படை, எது அகவிலைப்படி என்று பிரித்தா போடுகிறார்கள்? சயான் கோலிவாடாவில் இட்லி விற்று எங்களைப் படிக்க வைத்தவர் அம்மா. வீட்டுக்கு வந்ததும், "அரசாங்கக் காசைத் தின்னுட்டோமாடா?" என்று கேட்டார்.

அரசாங்கப் பணத்தை அமுக்கச் சொல்கிறேன் என்று யாராவது கிளம்பி வருவீர்கள். இல்லை. இனிமேல் சரியான தொகைதான் வர வேண்டும், அதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் வங்கியின் தவறால் கூடுதலாகப் போனால், பென்ஷன்காரரிடம் வசூலாகும்வரை காத்திருக்காமல் வங்கியே அரசுக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அரசாங்கம் நஷ்டப்படவில்லை.

நாங்கள் மாதவாரிக் கணக்கை எழுத்தில் கேட்டோம். வாய்வார்த்தையாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. வந்த கணக்கில், ஏழாவது ஊதியக் குழு நிலுவையை இரண்டு தடவை கூட்டியிருந்தார்கள்! அப்புறம் ரஃபீக் மசீஹ் வழக்கைக் குறிப்பிட்டு மனு கொடுத்தோம். ஓய்வு பெற்றவர்களிடமும், மூன்றாம் நான்காம் நிலை ஊழியர்களிடமும், ஐந்து வருடத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த பணத்தையும் திரும்ப வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்ன தீர்ப்பு அது. ஒன்று மட்டும் கவனம். கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில், தவணையில் வசூலிக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பென்ஷன் தொடங்கும்போது வங்கிகள் அப்படி ஒன்றை வாங்குவது வழக்கம். அம்மா கொடுத்த உறுதிமொழியைக் காட்டுங்கள் என்றோம். அவர்களால் எடுத்துக் காட்ட முடியவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச் சான்றுக்காக அம்மாவின் விரலை அந்தக் கருவியில் அழுத்து அழுத்து என்று அழுத்துவார்கள். மாவரைத்து, பாத்திரம் தேய்த்து ரேகையே போய்விட்ட கை. முகத்தை வைத்தே சான்று தரும் வசதி 2021இல் வந்துவிட்டது. போன வருஷம்கூட அதைச் செய்து தர அங்கே ஆள் இல்லை. கூடுதலாகப் போன பணத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஆள் இருக்கிறது.

ஓய்வூதியர் நலத்துறையின் சிபென்கிராம்ஸ் தளத்திலும் புகாரைப் பதிந்தோம். அதன்பிறகு பிடித்தம் நின்றது. ஏற்கெனவே பிடித்ததை இன்னும் திருப்பித் தரவில்லை, எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் இன்றைக்கே பி.பி.ஓ.வை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். கடிதம் கொடுத்தால், நகலில் சீல் போட்டு வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.